சீசரியோன் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்: ஒரு கடல் அரசின் கணக்கு

கி.மு. 30-ஆம் ஆண்டுக் கோடையில் 17 வயதுப் பையன் ஒருவனைத் தாய் இந்தியாவுக்கு அனுப்பிவைத்தாள். தாய் கிளியோபாட்ரா. பையன் சீசரியோன், ஜூலியஸ் சீசருக்குப் பிறந்தவன் என்று அவள் ஊரறியச் சொன்ன மகன். ஆக்டியம் கடற்போரில் அவளும் துணைவன் ஆண்டனியும் ரோமின் ஆக்டேவியனிடம் தோற்று ஓராண்டுகூட ஆகவில்லை. பின்னாளில் அகஸ்டஸ் என்ற பெயரில் பேரரசராகப்போகும் அந்த ஆக்டேவியனின் படை எகிப்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பையனோடு பெருஞ்செல்வம் போனது. எத்தியோப்பியா வழியாகக் கடலை அடைந்து இந்தியா போவது ஏற்பாடு என்கிறார் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். நடுவழியில் அவனுடைய ஆசிரியர் ரோடோன், ஆக்டேவியன் அரசுரிமை தரவே அழைக்கிறான் என்று சொல்லி மனத்தை மாற்றினார். பையன் திரும்பினான், கொல்லப்பட்டான்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு கிளியோபாட்ரா இதைவிடப் பெரிய காரியத்தில் இறங்கியிருந்தாள். மத்தியதரைக் கடலில் மிஞ்சிய கப்பல்களைத் தரைவழியே இழுத்துச் செங்கடலில் இறக்குவது, படையோடும் பணத்தோடும் ரோமின் கை எட்டாத இடத்தில் போய்க் குடியேறுவது. முதலில் இழுத்த கப்பல்களைப் பெட்ராவின் அரபியர் கொளுத்திவிட்டார்கள். திட்டம் அதோடு நின்றது.

ரோமிடம் தோற்றவர்கள் ஆசியாவில் ஒரு கடல் அரசைக் கட்டியிருக்க முடியுமா என்று கேட்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இணையத்தில் அதிகம் சுற்றுவது வேறொரு கதை: கி.மு. 53-இல் கார்ஹே போரில் பார்த்தியரிடம் பிடிபட்ட ரோமானிய வீரர்கள் சீனாவின் லிசியென் என்ற ஊரில் குடியேறினார்கள் என்பது. 1950-களில் ஹோமர் டப்ஸ் முன்வைத்த ஊகம் அது. சான்று மிக மெலிது, ஊரோ கடலிலிருந்து வெகு தொலைவு. சீசரியோனின் பயணத்துக்கு நாள் உண்டு, வழி உண்டு, பணம் உண்டு. அவன் எகிப்தின் செங்கடல் துறையான பெரனிகேயில் கப்பல் ஏறியிருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஓர் அரசு பிழைத்திருக்க வழி இருந்தது. ஆனால் முசிறியில் இல்லை. மிளகுக் கரையில் அதற்கு ஆயுள் 10 ஆண்டு. வங்கக் கடலைத் தாண்டி, வெள்ளீயம் கிடைக்கும் கரைக்குப் போயிருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் நின்றிருக்கும்.

முதலில் நாள்கணக்கு. ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் பயண நாள்கள் இவை: அலெக்சாந்திரியாவை ஒட்டிய துறையிலிருந்து கொப்டோஸ் வரை நைல் ஆற்றில், வடகாற்று உதவினால் 12 நாள். கொப்டோஸிலிருந்து பெரனிகே 257 ரோமானிய மைல். ஒட்டகத்தோடு 12 நாள், வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில் நடை. பெரனிகேயிலிருந்து செங்கடலின் வாயிலில் இருக்கும் ஓகெலிஸ் வரை 30 நாள். அங்கிருந்து முசிறிக்கு 40 நாள். கூட்டினால் 94. ஜூலை 1-ஆம் தேதி அலெக்சாந்திரியாவை விட்டவன் அக்டோபர் முதல் வாரத்தில் முசிறிக்கு வெளியே நங்கூரம் போடுவான்.

இந்தக் கணக்கில் நெகிழ்வு அதிகம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சேரநாட்டுக் கரையை அடைத்துவிடும். ஆற்று முகங்களில் மணல் திட்டுகளின் மேல் அலை உடைந்து விழும். முன்கூட்டி வருகிற கப்பல் அங்கே சிதறும். காற்று தணியும் செப்டம்பரில் வந்து சேர்வது உத்தமம். மிகவும் பிந்தினால் நடுக்கடலிலேயே காற்று செத்து, பிறகு வடகிழக்குக் காற்று எதிர்முகத்தில் அடிக்கும். அதனால்தான் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் எகிப்தை விட்டு ஜூலையில் கிளம்பச் சொல்கிறது. அலெக்சாந்திரியா விழுந்தது ஆகஸ்ட் 1. சீசரியோன் ஜூலைக்குள் பெரனிகேயில் கப்பல் ஏற வேண்டும்; தவறினால் அடுத்த ஜூலை வரை அந்தப் பாலைவனத் துறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அலெக்சாந்திரியாவிலிருந்து பெரனிகேக்கு 24 நாள்தான். ஆக்டேவியனின் ஆட்களுக்கு அது போதும். ரோடோன் பேசிப் போக்கிய ஒவ்வொரு நாளும் உயிர்போகிற நாள்.

வழி தெரிந்தவர்கள் இருந்தார்களா? இருந்தார்கள், ஆனால் குறைவு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே யூடாக்சஸ் என்ற கிரேக்கர் எகிப்திலிருந்து இந்தியா போய் வந்துவிட்டார். ஆனாலும் கிளியோபாட்ராவின் வம்சமான தாலமி மன்னர்கள் காலத்தில் ஆண்டுக்கு 20 கப்பல்கூடச் செங்கடல் வாயிலைத் தாண்டத் துணியவில்லை என்கிறார் கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ. ஆகவே வழிகாட்ட அரபு மாலுமியோ இந்திய மாலுமியோ வேண்டும். செங்கடல் துறைகளில் நம்மவர்கள் இருந்ததற்குப் பிற்காலத் தடயம் தெளிவாகவே உண்டு: குசேர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கீறப்பட்டிருக்கின்றன.

இனி ஆட்கள். 6 சரக்குக் கப்பல், 900 பேர் என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் ரோமின் தெருக்களிலிருந்து வந்தவர்களாக இருக்க மாட்டார்கள். கி.மு. 55-இல் ரோமத் தளபதி கபினியஸ் எகிப்தில் விட்டுச்சென்ற ரோமானிய வீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து, பிள்ளைகுட்டிகளோடு அலெக்சாந்திரியாவிலேயே தங்கிப்போனதாகச் சீசரே குறித்திருக்கிறார். அந்த மரபில் வந்தவர்கள், ஆண்டனியின் படையில் எஞ்சியவர்கள், அரண்மனை எழுத்தர்கள், கப்பல் தச்சர்கள். பேச்சு கிரேக்கம்; லத்தீன் அதிகாரிகளின் வாயில் மட்டும். ரோமானிய அரசு என்று நாம் பெயர் வைத்தாலும் முதல் நாளிலிருந்தே அது அலெக்சாந்திரிய அரசுதான்.

900 பேருக்குத் தலைக்கு 4 லிட்டர் வீதம் 40 நாளுக்கு 1,44,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 26 லிட்டர் பிடிக்கும் அம்போரா ஜாடியில் நிரப்பினால் 5,500-க்கும் மேல். கப்பலுக்கு 24 டன் தண்ணீர். அது போக, ஆளுக்கு நாளொன்றுக்கு 850 கிராம் கோதுமை என்றால் மொத்தம் 30 டன். பெரிய சரக்குக் கப்பலுக்கு இது பாரமே இல்லை. ஓகெலிஸ் தண்ணீர் பிடிக்கும் துறை என்பதால், அங்கே எல்லா ஜாடியையும் மறுபடி நிரப்பாமல் கிளம்பக் கூடாது. ஜாடி உடையும், அடைப்பு கசியும், ஆகவே ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

போர்க்கப்பலை இந்த வழியில் கொண்டுவரவே முடியாது. கற்பனைக் கதைகள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றில் 170 துடுப்பாளர்கள். கிரேக்கத்தில் கட்டிய 'ஒலிம்பியாஸ்' என்ற மாதிரிக் கப்பலை 1987 முதல் ஓட்டிப் பார்த்தபோது, உழைக்கிற ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது. 8 மணி நேரம் துடுப்பு போட்டால் ஒரு நாளைக்கு 1,360 லிட்டர். அதை வைக்க அந்த மெல்லிய கப்பலில் இடம் கிடையாது. மாலையில் கரை ஒதுங்கி, சமைத்துத் தின்று, தூங்கி எழுந்து போவதற்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. 40 நாள் திறந்த கடலில் அது மிதக்கும் சவப்பெட்டி.

இதே பாடத்தை ரோம் தானே செங்கடலில் கற்றது. எகிப்தின் ஆளுநர் ஏலியஸ் கல்லஸ் அரேபியாவைப் பிடிக்க 80 போர்க்கப்பல் கட்டினார். எதிரிக்குக் கடற்படையே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. அப்புறம் 130 சரக்குக் கப்பல் கட்டி 10,000 பேரை ஏற்றினார். எதிர்க்கரை போய்ச் சேர்வதற்குள் பல கப்பல்கள் போயின, 14 நாள் கடலிலேயே கழிந்தது, இறங்கியவர்களுக்கு வாயையும் காலையும் தாக்கும் நோய். உள்நாட்டில் மாதக்கணக்கில் நடந்து, முற்றுகையிட்ட ஊரின் முன் தண்ணீர் இல்லாமல் ஆறே நாளில் திரும்பினார். பேரரசே இப்படி என்றால் 900 பேர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அளவு இதுதான். போர்க்கப்பல் வேண்டுமானால் போய்ச் சேரும் இடத்தில், அந்த ஊர் மரத்தில் கட்ட வேண்டும்.

முசிறியில் இறங்குகிறார்கள். பிளினி இந்தத் துறையைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை: அருகே கடற்கொள்ளையர், கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து தொலைவு, சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றியிறக்க வேண்டும். முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த 6 மீட்டர் நீளமுள்ள ஆஞ்சிலி மரத் தோணியும், படகைக் கட்டிவைக்கும் தேக்கு முளைகளும் அவர் சொன்னதற்குப் பொருத்தமாக இருக்கின்றன. வந்தவன் கப்பலை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளூர்த் தோணிக்காரன் தயவில்தான் கரைக்கே வர முடியும். இத்தகைய துறையை வெளியாள் பிடித்து வைத்துக்கொள்வது நடக்காத காரியம். தோணிகள் மறுநாள் வராமல் இருந்தாலே போதும்.

சேர மன்னன் அவர்களை வரவேற்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பொன்னோடு வந்தவர்கள், ஆயுதப் பயிற்சி உள்ளவர்கள். யவனர்களைக் காவலுக்கு வைத்துக்கொள்வது தமிழ் மன்னர்களின் வழக்கம்தான். முல்லைப்பாட்டில் பாசறையைக் காப்பது யவனர்கள். 500 வீரருக்குச் சீசர் நிர்ணயித்த ஆண்டுச் சம்பளம் தலைக்கு 225 தெனாரியஸ் வெள்ளிக்காசு, மொத்தம் 1,12,500. தெனாரியஸ் 3.9 கிராம் என்றால் ஆண்டுக்கு 440 கிலோ வெள்ளி. தாயின் கருவூலம் சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் எந்த நாணயத்தில் என்பது முக்கியம். கிளியோபாட்ராவின் வெள்ளி நாணயங்களில் செம்பு கலப்பு மிக அதிகம். தமிழகத்தில் புதையல்களாகக் கிடைக்கும் ரோமானிய வெள்ளி பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து நல்ல வெள்ளி. நம் வணிகர்கள் உரசிப் பார்த்து வாங்கியவர்கள். சீசரியோன் வெள்ளிக் காசைக் கப்பலில் ஏற்றாமல் பொற்கட்டியாகவும் மணியாகவும் கொண்டுவந்திருந்தால் புத்திசாலி.

அபாயம் மூன்று நான்கு ஆண்டுகளில் வருகிறது. ஏலியஸ் கல்லஸ் காலத்தில், அதாவது கி.மு. 26-ஐ ஒட்டி, மியோஸ் ஹார்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல் இந்தியா போனதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். 20-லிருந்து 120. ஒவ்வொரு கப்பலிலும் அகஸ்டஸ் தலை போட்ட காசு. ஒரு கப்பல் சரக்கு எவ்வளவு பெறும் என்பதற்கு முசிறி வணிகம் பற்றிய பாப்பிரஸ் ஒப்பந்தத் தாள் சாட்சி: 2-ஆம் நூற்றாண்டில் 'ஹெர்மபொல்லோன்' என்ற ஒரே கப்பல் கொண்டுபோன நளதம் என்ற நறுமணப் பொருள், தந்தம் உள்ளிட்ட சரக்கின் மதிப்பு 70 லட்சம் செஸ்டெர்ஸுக்குச் சற்றே குறைவு. நான்கு செஸ்டெர்ஸ் ஒரு தெனாரியஸ். சீசரியோனின் 500 வீரருக்கு 15 ஆண்டுச் சம்பளம் அது. கி.மு. 20-இல் சாமோஸ் தீவில் அகஸ்டஸைப் பார்க்க இந்தியத் தூதர்கள் போய் நின்றார்கள். அந்தச் சந்திப்பில் அகஸ்டஸ் கேட்கக்கூடிய முதல் பரிசு என்ன? சீசர் என்ற பெயரில் இன்னொருவன் உயிரோடு இருப்பது ஆபத்து என்று அலெக்சாந்திரியாவிலேயே முடிவு கட்டியவர் அவர். 120 கப்பலின் சுங்கத்தையும் மிளகு விலையையும் ஒரு தட்டில் வைத்து, வந்தேறிக் காவலன் ஒருவனை மறு தட்டில் வைத்தால் எந்த மன்னனும் தயங்க மாட்டான். சேரனைக் குறை சொல்லவும் முடியாது.

துறைக்கு வெளியே ஒரு தீவைப் பிடித்து, போகிற கப்பலிடம் சுங்கம் பிடுங்கலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தவர்கள் கதை பதிற்றுப்பத்தில் இருக்கிறது. கடலுக்கு நடுவே கடம்ப மரத்தைக் காவல்மரமாக வைத்திருந்தவர்கள் மேல் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் படையெடுத்து, மரத்தை வெட்டி முரசு செய்தான். அதே மன்னன் யவனர்களைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய் ஊற்றி, அருங்கலமும் வயிரமும் தண்டம் வாங்கியதையும் அந்தப் பத்தின் பதிகம் சொல்கிறது. சீசரியோனுக்குப் பிந்திய மன்னன்தான். ஆனால் மேற்குக் கரையில் தலைதூக்கும் கடல்காரர்களை இந்த வம்சம் எப்படி நடத்தும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அரபிக்கடலின் சொகோத்ரா தீவு? தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் யாரும் அணுக முடியாது, அரிசியும் கோதுமையும் வெளியிலிருந்து வர வேண்டும், ரோமானிய எகிப்துக்கு மிகப் பக்கம். ஒதுக்கிவிடலாம். இலங்கையின் மாந்தையும் அப்படியே. அனுலா அரசியின் குழப்பக் காலம் முடிந்து அனுராதபுர அரசு மறுபடி நிலைபெற்றிருந்த நேரம், வெளியாருக்கு இடமில்லை.

மிஞ்சுவது கிழக்கு. பெரிப்ளூஸ் முசிறியிலும் அதே கரையின் நெல்கிண்டா துறையிலும் இறங்கும் சரக்குகளைப் பட்டியலிடுகிறது: காசு, பவளம், கண்ணாடி, மது, செம்பு, வெள்ளீயம், ஈயம். வெள்ளீயத்தின் மேல் கண்ணை வைக்க வேண்டும். வெண்கலத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் வேண்டும். நீலகிரி ஈமக்குழிகளில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். தென்னிந்தியாவில் அது அரிது. ஸ்பெயின் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து மத்தியதரைக் கடல், நைல், ஒட்டகம், செங்கடல், அரபிக்கடல் என்று ஏறி இறங்கி வருகிற உலோகத்தை நம்மவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆனால் காவிரிப்பூம்பட்டினத்துக்கு நேர் கிழக்கே 2,000 கிலோமீட்டரில், இன்றைய தாய்லாந்தின் ரனோங், தக்குவாபா, புக்கெட் கரைகளில், ஆற்று மணலிலேயே வெள்ளீயக் கரும்பொடி கிடக்கிறது. அகஸ்டஸின் சுங்கக்காரன் கை வைக்க முடியாத, அதே சமயம் தமிழ் வணிகனுக்கு வேண்டிய சரக்கு. சீசரியோனின் அரசு நிற்கக்கூடிய ஒரே அடித்தளம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே போவது எப்படி? மத்தியதரைக் கப்பலை ராமேஸ்வரம் வழியாக விட முடியாது. ஆதாம் பாலத்தின் ஆழம் போதாது. இலங்கையைச் சுற்றலாம், ஆனால் கப்பல்களை முசிறியிலேயே விற்றுவிடுவது மேல். அடிமரம் புழு அரித்திருக்கும், பாய் கிழிந்திருக்கும், மாற்றுப் பொருள் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குநாடு, கரூர், காவிரிக் கரையோரம் பூம்புகார். நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கொடுமணல், படியூர் வழியாகப் போகும் அந்தப் பாதை ரோமானியக் காசுகள் கொத்துக் கொத்தாகக் கிடைத்திருக்கும் பாதை. பூம்புகாரிலோ அரிக்கமேட்டிலோ வேறு வகைக் கப்பல்கள். தோணிகளை இணைத்துக் கட்டிய சங்கரா, கிழக்கே பொன்னாடு என்று அவர்கள் சொன்ன தேசத்துக்கும் கங்கைக்கும் போகிற மாபெரும் கொலாந்தியா என்று இரண்டைப் பெரிப்ளூஸ் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இரண்டாவதில் இடம் பிடிக்க வேண்டும்.

2,000 கிலோமீட்டர், மணிக்கு 4 கடல் மைல் வேகம் என்றால் 11, 12 நாள். அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவிலுள்ள பத்துப் பாகைக் கால்வாய் வழியாகப் போவது நேர்வழி. புயல் இரு பருவத்தில் வரும்: ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர். அதனால் தென்மேற்குக் காற்று தளரும் செப்டம்பரில் போய், வடகிழக்குக் காற்று சீராக அடிக்கும் ஜனவரி-பிப்ரவரியில் திரும்புவது பாதுகாப்பு. எதிர்க்கரையிலும் மே முதல் அக்டோபர் வரை அலை பெரிது. ஆற்று முகத்துக்குள் நுழையத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கரையை நெருங்கக் கூடாது.

வெறும் காட்டில் போய் இறங்குவதாக நினைக்க வேண்டாம். மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம், சும்போனுக்கு அருகே காவ் சாம் கேவ் என்ற ஊர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு முதல் இயங்கியது. மண்மதில், இந்தியத் தொழில்நுட்பத்தில் மணி செய்யும் பட்டறைகள், சீனத்துச் சரக்குகள். மேற்குப் பக்கம் ரனோங்கில் பூ காவ் தோங் என்ற இடத்தில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருக்கிறது. இரண்டு கடலுக்கும் இடையே கிரா இடுக்கின் மிக ஒடுங்கிய இடம் 44 கிலோமீட்டர். சீன அரசின் ஆட்கள் பொன்னும் பட்டும் எடுத்துக்கொண்டு தெற்கே வந்து, ஓரிடத்தில் 10 நாளுக்கு மேல் நடந்து, மறுபடி கப்பல் ஏறி ஹுவாங்ச்சி என்ற நாட்டுக்குப் போய் முத்தும் கண்ணாடியும் வாங்கியதாக ஹான் வரலாற்றில் பதிவு உண்டு. ஹுவாங்ச்சி காஞ்சி என்பது பல அறிஞர்களின் கருத்து. ஆகவே சீசரியோன் கூட்டத்தின் முதல் வேலை உள்ளூர்த் தலைவர்களுக்குப் பரிசு கொடுத்து, ஓர் ஆற்று முகத்தில் குடியிருக்க இடம் கேட்பது.

இரண்டாவது வேலை குளம் வெட்டுவது. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ரனோங்கில் குளம் எதற்கு என்று தோன்றும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை வற்றும், ஆற்று முகத்தில் தண்ணீர் உப்பேறும். கப்பல்கள் தண்ணீர் பிடிக்க வரும் மாதங்களும் அவையே. இதே கரையில் தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு எதைப் பற்றியது? அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றியது. அதை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினருக்கும் சேனாமுகத்தார் என்ற படையினருக்கும் அடைக்கலமாக ஒப்படைத்திருக்கிறார்கள். குளமும் காவலும்தான் அந்தக் கரையில் வெளியார் காலூன்றிய முறை.

வெள்ளீயம் எடுக்கப் பெரிய கருவி வேண்டாம். ஓடையை மறித்து, மணலை மரத்தட்டில் அள்ளிச் சுழற்றினால் மணல் வழிந்தோடும், கனமான கரும்பொடி அடியில் தங்கும். சுத்தமான பொடியில் எடைக்கு 78 சதவீதம் உலோகம். களிமண் உலையில் மரக்கரியோடு அடுக்கித் துருத்தி ஊதினால் உருகி வடியும். தவறு நடப்பது உருக்கும்போது: கரி ஈரமாக இருந்தால், அல்லது பொடியில் மணல் மிகுந்திருந்தால், பாதி உலோகம் கசடோடு போய்விடும். மழைக்காலத்தில் உலை வேலை ஆகாது, கரியும் காயாது. ஆகவே மழை தணிந்தபின் கழுவி, வறண்ட மாதங்களில் உருக்கி, காற்று திரும்புவதற்குள் கட்டியாக வார்த்து ஏற்றிவிட வேண்டும். இந்த வேலைக்கு ரோமானியர் தேவையில்லை, உள்ளூர்க்காரர்களே செய்வார்கள். ரோமானியர் கொடுக்க வேண்டியது நிலையான எடை, நிலையான விலை, கொள்ளை போகாத கிடங்கு.

இடுக்கைக் கடக்கும் பாதையில் சுமைகூலி 25 கிலோ தூக்கினால் ஒரு டன்னுக்கு 40 ஆள். 50 டன் சரக்குக்கு 2,000 சுமை. ஆற்றில் போக முடிந்த தூரம் படகில் போய், நடுமேட்டை மட்டும் யானையிலும் தலையிலும் கடந்தால்கூட, பட்டு, முத்து, கண்ணாடி, மணி போன்ற சிறு கனத்துப் பெருவிலைச் சரக்குதான் கட்டுப்படியாகும். ரோம் தன் எல்லையில் நாலில் ஒரு பங்கு சுங்கம் எடுத்தது. இங்கே அப்படி எடுத்தால் கப்பல்கள் தெற்கே மலாக்கா நீரிணையைச் சுற்றிப் போய்விடும். பத்தில் ஒன்றுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது என் கணிப்பு. அலெக்சாந்திரிய எழுத்தர்கள் பழக்கதோஷத்தில் 25 சதவீதம் போட்டுவிட்டால் இரண்டே பருவத்தில் துறை காலி.

இப்போது போர்க்கப்பலுக்கு வரலாம். மூன்றடுக்கு வேண்டாம், 50, 60 துடுப்புள்ள இரண்டடுக்கு லிபுர்னியா வகையில் எட்டுப் பத்து போதும், ஆற்று முகங்களுக்கு இடையே ரோந்து போக. பலகையின் விளிம்பில் துளை வெட்டி, நாக்குச் செருகி, மர ஆணி அடித்து இணைப்பது மத்தியதரைத் தச்சர் முறை. வலுவானது, ஆனால் தச்சன் கை சுத்தமாக இருக்க வேண்டும், மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் நாக்கு தளர்ந்து, ஒரே பருவத்தில் தண்ணீர் ஏறும். தேக்கு என்றால் நிற்கும்போதே பட்டையை வளையமாக வெட்டி, ஈராண்டு மூவாண்டு உலர விட்டுத்தான் வீழ்த்த வேண்டும். இந்தக் கரையில் கிடைப்பது தக்கியான் மரம், படகுக்குப் பேர்போனது. இந்தியப் பெருங்கடல் முறையோ கயிற்றால் தைப்பது. தைத்த படகு அலையில் வளைந்து கொடுக்கும், கரையில் மோதினாலும் பிளக்காது. ஆனால் கயிறு மக்கும், அவ்வப்போது பிரித்துத் தைக்க வேண்டும். துடுப்புக் கப்பலை நாக்கு முறையிலும், கரையோடும் சரக்குப் படகைத் தையல் முறையிலும் கட்டுவதே சரி. அடிமரத்துக்குப் புழுதான் எமன். ரோமானியச் சரக்குக் கப்பல் போல ஈயத்தகடு போர்த்தலாம், ஆனால் ஈயம் இங்கே இறக்குமதிச் சரக்கு. சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்துப் பூசி, மாதம் ஒருமுறை கரையேற்றிச் சுரண்டினால் தாக்குப்பிடிக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் காய்ச்சல் வரும். காட்டோரக் கரையில் மலேரியா, மருந்து கிடையாது. முதல் மூன்று மழைக்காலத்தில் வந்தவர்களில் பெரும்பகுதியை இழப்பார்கள் என்றே கணக்கிட வேண்டும். கோதுமை வராது, வந்தாலும் பூஞ்சை பிடிக்கும். முசிறிக்குக்கூடக் கப்பல்காரர்கள் தங்களுக்கென்று கோதுமை கொண்டுவந்தார்கள் என்கிறது பெரிப்ளூஸ். இங்கே அரிசிக்கு மாறாதவன் பட்டினி. வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கட்டிக்கொள்வது மோன் பேசும் பெண்களையோ, கப்பலில் வந்து தங்கிய தமிழ்க் குடும்பத்துப் பெண்களையோ. பிள்ளை தாய்மொழி பேசும், பேரப்பிள்ளைக்குக் கிரேக்கம் வழிபாட்டுக்கும் கணக்கெழுதவும் மட்டும்.

இதில் சீசரியோனுக்குத்தான் கடினமான முடிவு. கி.மு. 34-இல் அலெக்சாந்திரியாவில் அவனுக்கு மன்னர் மன்னன் என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். அந்தப் பட்டத்தோடு காசு அடித்தால் அது ஒருநாள் முசிறிக்குப் போகும், அங்கிருந்து அலெக்சாந்திரியாவுக்கும் போகும். அதனால் தன் முகத்தையும் பெயரையும் காசில் போடக் கூடாது. யானை, கப்பல், மீன் என்று தமிழ் வணிகர் தயங்காமல் வாங்கும் சின்னம் போதும். சீசரின் மகன் என்ற உரிமைதான் அவனை 17 வயதில் கொல்லவைத்தது. கிழக்கே போனபின் அதைப் பேசாமல் இருப்பதுதான் குடியைக் காக்கும். பெருமையை விடத் தெரியாத தலைவன் என்றால் இந்த அரசு இரண்டாம் தலைமுறையைப் பார்க்காது.

அடுத்த இரண்டு நூற்றாண்டு அதற்கு நல்ல காலம். கி.பி. 2-இல் சீன அரசை நடத்திய வாங் மாங்கின் ஏற்பாட்டில் ஹுவாங்ச்சியிலிருந்து சீனத்துக்கு உயிருள்ள காண்டாமிருகம் போகிறது. 166-இல் ரோமப் பேரரசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு தந்தமும் ஆமை ஓடும் ஏந்தி ஒரு கூட்டம் வியட்நாம் கரை வழியாக ஹான் அரசவைக்கு வருகிறது. இந்தப் போக்குவரத்து இடுக்கின் வழியே நடந்தவரை அதன் மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு வருமானம். முடிவும் அதே திசையிலிருந்து வரும். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் இலங்கையிலிருந்து கப்பலிலேயே தெற்குக் கடல் சுற்றிச் சீனா திரும்பியபோது, தரையில் சரக்கை இறக்கி ஏற்றும் வழிக்குப் போட்டி முற்றிவிட்டது. மேகாங் ஆற்று முகத்தின் ஓக் ஏயோ துறையும் அதே கடல்வழி மாற்றத்தில் தளர்ந்தது. ரோமப் பேரரசர் அந்தோணினஸ் பயஸின் பதக்கம் கிடைத்த ஊர் அது.

இப்படி ஓர் அரசு இருந்திருந்தால் மண்ணில் என்ன கிடைக்கும்? ரோமானிய முத்திரைக் கல், உருளைக் கோட்டுப் பானை ஓடு, தமிழ் எழுத்து, கண்ணாடி மணி என்றால், இவை அந்தக் கரையில் ஏற்கெனவே கிடைக்கின்றன. குவான் லுக் பாத் என்ற ஊரில் கிடைத்த உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. பொற்கொல்லன் ஒருவனுடைய கல். இவை வணிகத்தின் தடயங்கள், அரசின் தடயங்கள் அல்ல. அரசு என்று சொல்ல வேண்டுமானால், பல ஊர்களில் ஒரே அளவில் எடைக்கற்கள் கிடைக்க வேண்டும், ஒரே அச்சில் அடித்த காசு இடுக்கின் இரு கரையிலும் கிடைக்க வேண்டும், மூட்டைகளுக்கு இட்ட சுங்க முத்திரை கிடங்குத் தரையில் குவிந்து கிடக்க வேண்டும், வெள்ளீயக் கட்டிகளில் வார்ப்பிடத்தின் குறி இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒன்றாகக் கிடைத்தால் எழுத்தே இல்லாவிட்டாலும் அங்கே ஓர் அதிகாரம் இருந்தது என்று சொல்லிவிடலாம்.